அப்பாவின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடலாமா?

செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டது இது: "வீட்டில் 2016-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி மெமரி, பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று திரையிலேயே வந்துவிட்டது. அப்பாவுக்கு 71 வயது. செய்தி படிப்பார், யூடியூப் பார்ப்பார், தமிழில் கட்டுரை எழுதுவார். நான் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன், கணக்கெல்லாம் எக்செலில் இருக்கிறது. மகன் உயர்நிலை இரண்டு. தெரிந்தவர் ஒருவர் லினக்ஸ் போடுங்கள், இலவசம், சுலபம் என்கிறார். இன்னொருவர் அது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு அது சரிவருமா?"

அப்பாவுக்கு என்றால், போடலாம். உங்கள் வேலைக்கு என்றால், கணக்கு ஏடுகளை அதில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். மகனுடைய பள்ளிக் கருவியில் கை வைக்கவே வேண்டாம். ஒரே வீட்டுக்கு மூன்று பதில் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் ஓர் இயங்குதளம். அது சுலபமா என்ற கேள்விக்கு ஆளைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளாக நான் இதைப் பயன்படுத்துகிறேன், உறவினர்கள், நண்பர்கள் என்று பலருடைய கணினிகளில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை யோசித்துப் பாருங்கள். விண்டோஸை நம்மில் எத்தனை பேர் நாமே நிறுவியிருக்கிறோம்? கடையில் வாங்கும்போதே அது உள்ளே இருந்தது. அலுவலகத்தில் அதையே பார்த்தோம், பள்ளியில் அதையே படித்தோம். ஏதாவது கெட்டுப்போனால் சிம் லிம் சதுக்கத்தில் யாரிடமாவது கொடுத்தோம். அந்தப் பழக்கத்தைத்தான் சுலபம் என்று சொல்கிறோம். கேரளத்து அரசுப் பள்ளிகள் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து, லினக்ஸைப் போல யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அங்கே படித்த பிள்ளைகள் பலர் முதன்முதலாகத் தொட்ட கணினியே லினக்ஸ்தான். அவர்களிடம் போய் லினக்ஸ் கடினம் என்றால், எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

ஆனால் அந்தப் பள்ளிகளில் அதைப் போட்டுக் கொடுக்கவும், ஆசிரியர்களைப் பழக்கவும், பழுது பார்க்கவும் ஆள் இருந்தார்கள். சிங்கப்பூரில் உங்களுக்கு அந்த ஆள் யார்? லினக்ஸை வீட்டுக்குள் கொண்டுவரும் முன் நான் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி இது. எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் எந்த வகை நல்லது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் சித்தி கதையைச் சொல்கிறேன். புக்கிட் பாத்தோக்கில் தனியாக இருக்கிறார். 2019-இல் அவருடைய கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போட்டுக் கொடுத்தேன். சென்னையில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுவது, தமிழ்ச் செய்தி, யூடியூபில் சமையல், மசே நிதி (மத்திய சேம நிதி) கணக்கைப் பார்ப்பது, இவ்வளவுதான் அவர் பயன்பாடு. முதல் மாதம் நான்கு முறை தொலைபேசியில் அழைத்தார். முதல் அழைப்பு, "சி டிரைவ் எங்கேப்பா?" என்று. லினக்ஸில் சி, டி என்ற பிரிவுகள் கிடையாது. 'ஹோம்' என்ற ஒரே அடைவுக்குள்தான் அவருடைய எல்லாமே இருக்கும் என்று காட்டினேன். இரண்டாவது அழைப்பு, குரோமைத் திறந்தால் 'கீரிங்' கடவுச்சொல் கேட்கிறது என்று. கணினியைத் தொடங்கும்போது கடவுச்சொல் கேட்காதபடி நான் அமைத்துக் கொடுத்திருந்தேன். அப்படிச் செய்தால், சேமித்த கடவுச்சொற்கள் இருக்கும் பெட்டகத்தைத் திறக்க வேறொரு முறை அது கேட்கும். நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அற்பமான விஷயம், சித்திக்கோ யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்ற பயம். மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வந்த வேர்டு கோப்பு எங்கே போனது என்று. நான்காவதுதான் பெரிய தலைவலி. அது பிரிண்டர். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் மாதத்திலிருந்து அழைப்பு நின்றுவிட்டது. இன்றுவரை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் அதைத் தொடுகிறேன். சித்தி கணினி படித்தவர் அல்லர். அவருக்கு அது சுலபமானது, முதல் மாதம் தொலைபேசியை எடுக்க ஒருவர் இருந்ததால்தான்.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். விண்டோஸ் 11 மறுப்பதற்குக் காரணம் கணினி பழுதானது அல்ல. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செயலியும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வரம்பு வைத்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தன. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அதற்குப் பிறகு, இன்னும் நன்றாக ஓடும் இயந்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். அந்தக் குவியலில் இப்படிப்பட்ட மடிக்கணினிகளும் போய்ச் சேர்வதை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எந்த லினக்ஸ்? நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அதுவே பலரை முதல் நாளிலேயே ஓட வைக்கிறது. ஒன்றைச் சொல்கிறேன், மற்றவற்றை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்: லினக்ஸ் மின்ட். 2006-இலிருந்து வருகிறது, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டது. இடது மூலையில் மெனு, கீழே பணிப்பட்டை, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. உங்கள் 4 ஜிபி மெமரிக்கு அதில் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். மெமரியை 8 ஜிபி ஆக்க முடிந்தால் 'சின்னமன்' பதிப்பு, அது பார்க்கவும் பழகவும் இன்னும் இதமானது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2 ஜிபி மெமரியிலும் லினக்ஸ் பறக்கும் என்று பலர் சொல்வார்கள். இயங்குதளம் ஓடும். ஆனால் உங்கள் அப்பா பயன்படுத்தப்போவது இயங்குதளத்தை அல்ல, உலாவியை. குரோமில் பத்துத் தாவல்களைத் திறந்து வைத்தால் எந்த இயங்குதளமாக இருந்தாலும் அது மெமரியை விழுங்கிவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான வட்டு, போடுங்கள். நீங்கள் உணரப்போகும் வேகத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வரும். அந்தச் செலவு இல்லாமல் வெறும் லினக்ஸ் மட்டும் போட்டுவிட்டு, "மெதுவாகத்தானே இருக்கிறது" என்று ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் அன்றாட வேலைகளில் பாதிக்கு மேல் உலாவியிலேயே முடிந்துவிடும். ஃபயர்பாக்ஸ் உள்ளேயே வரும், குரோமும் கிடைக்கும். மசே நிதி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), வருமான வரி எல்லாவற்றுக்கும், அரசின் மின்னடையாளமான சிங்பாஸின் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்து நுழைகிறோம். கணினியில் ஓடுவது விண்டோஸா, லினக்ஸா என்பது அங்கே பொருட்டே அல்ல. வங்கிகளும் அப்படித்தான். வாட்ஸ்அப்பை உலாவி வழியாகப் பயன்படுத்தலாம். ஸூமுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு. மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு இருந்த லினக்ஸ் செயலியை 2022 இறுதியில் நிறுத்திவிட்டார்கள், உலாவியில் போகலாம். சந்தா கட்டிப் பார்க்கும் படத்தளங்களில் சில, லினக்ஸில் படத்தின் தரத்தைக் குறைத்துக் காட்டும். யூடியூபுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மென்பொருள் நிறுவுவதில் அப்பாவுக்கு உங்களைவிடக் குறைவாகவே சிரமம் இருக்கும். விண்டோஸ்காரர்களின் கை தானாகவே இணையத்தில் தேடும், ஏதோ ஒரு தளத்திலிருந்து நிறுவியை இறக்கும், 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தும். லினக்ஸ் மின்ட்டில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்ற ஒரு கடை இருக்கிறது. தேடி, 'இன்ஸ்டால்' அழுத்தினால் போதும். கைப்பேசியில் பிளே ஸ்டோர் பழகியவருக்கு இது புதிதே அல்ல. புதுப்பிப்புகளும் அப்படியே. பணிப்பட்டையில் ஒரு கேடயப் படம் தெரியும், அழுத்தினால் இயங்குதளமும் எல்லா மென்பொருள்களும் ஒன்றாகப் புதுப்பிக்கப்படும். கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போது தானாக அணைந்து எழுந்து நிற்காது.

ஒரே ஒரு எச்சரிக்கை. யூடியூபில் யாரோ சொன்னார் என்று கறுப்புத் திரையைத் திறந்து 'சூடோ' என்று தொடங்கும் கட்டளைகளை ஒட்டாதீர்கள். அந்தச் சொல் கணினியின் எல்லாக் கதவுகளுக்கும் சாவி கொடுப்பதற்குச் சமம். மின்ட்டில் 'டைம்ஷிஃப்ட்' என்ற கருவி இருக்கிறது. எல்லாம் சரியாக ஓடும் நாளில் அதில் ஒரு நிலைப்பதிவு எடுத்து வைத்தால், பிறகு ஏதாவது குளறுபடி ஆனாலும் அந்த நாளுக்குத் திரும்பலாம். அது இயங்குதளத்தைக் காப்பதற்குத்தான். அப்பாவின் கட்டுரைகளுக்குத் தனியாக வெளிவட்டில் நகல் வேண்டும்.

இப்போது தமிழ். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை.

லினக்ஸில் தமிழ் தட்டச்சு செய்ய இரண்டு வழிகள் உண்டு. அமைப்புகளில் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் இந்திய மொழிகளுக்குள் 'தமிழ்நெட் 99' என்று ஒன்று தெரியும். பலர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சரியாக வேலை செய்யவில்லை என்று கைவிடுகிறார்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் இயங்குவது. முன்பின் என்ன எழுத்து வந்தது என்று அதற்குத் தெரியாது. ஆகவே தமிழ்99 என்ற விசைப்பலகை முறையின் அழகே எதுவோ, அதாவது 'பக்கம்' என்று எழுத இரண்டு ககரத்தை அழுத்தினால் முதல் ககரத்துக்குத் தானாகப் புள்ளி விழுவது, அங்கே வராது. நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டாவது வழி: சாஃப்ட்வேர் மேனேஜரில் 'ஐபஸ்' என்ற தட்டச்சு உதவி மென்பொருளையும், அதற்கான 'எம்17என்' தொகுப்பையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வருவது. அப்புறம் ஐபஸ் அமைப்பில் தமிழ் என்று தேடினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப்பொறி, இன்ஸ்கிரிப்ட் என்று வரிசையாக வரும். இலங்கையில் பழகியவர்களுக்கு ரெங்கநாதன் முறையும் உண்டு. தேர்ந்தெடுத்த பின் ஒரு விசைக் கூட்டை அழுத்தி ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். இதை அமைக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். அப்பா தனியாகச் செய்தால் ஒரு மாலைப்பொழுது முழுக்கத் திணறலாம். அதனால் இதை நீங்களே செய்து வைத்துவிட்டு அவர் கையில் கொடுங்கள். ஒலிபெயர்ப்பு முறைகளில் மட்டும், அவர் விண்டோஸில் பழகிய மென்பொருளுக்கும் இதற்கும் ந, ண, ற, ழ போன்ற எழுத்துகளுக்கான விசைகள் மாறலாம். ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

எழுத்து திரையில் தெரிவதில் இன்று ஒரு குறையும் இல்லை. நான் தொடங்கிய காலத்தில் 'கொ' என்று எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும், படிக்கவே முடியாது. இப்போது லினக்ஸ் டெஸ்க்டாப்பிலும் ஃபயர்பாக்ஸிலும் லிப்ரேஆபிஸிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் எழுத்தைக் கோப்பது ஹார்ஃப்பஸ் என்ற ஒரே திறமூல மென்பொருள்தான். ஆண்ட்ராய்டில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது என்றால் லினக்ஸிலும் தெரியும்.

அப்பாவிடம் 1990-களில் எழுதிய கோப்புகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தால் கோடும் புள்ளியுமாகத் தெரியும். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதலில் ஆளைத் திரட்டியது நம் ஊர்தான். சிங்கப்பூர் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி முன்னின்று 1997 மே மாதம் இங்கே தமிழ்நெட் '97 மாநாட்டை நடத்தினார். அவர் 1999-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, 2000-இல், உத்தமம் (உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பு இங்கேதான் தொடங்கப்பட்டது. அந்த உழைப்பும், அதற்குப் பின் எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோடு பரவியதும் இல்லாவிட்டால், இன்று விண்டோஸில் எழுதியதை லினக்ஸில் திறப்பது பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கவே முடியாது. யூனிகோடில் எழுதிய எதுவும் அப்படியே திறக்கும். பழைய குறியீட்டில் எழுதியவை, அந்த எழுத்துரு உங்களிடம் இருந்தால், அதை லினக்ஸிலும் நிறுவிப் படிக்கலாம். நிரந்தரத் தீர்வு, குறியீடு மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவருவதுதான். விண்டோஸிலேயே இருந்தாலும் அதைச் செய்துவிடச் சொல்வேன். கட்டுரைகள் அவரோடு மறைந்துவிடக் கூடாது.

மெனுக்களையும் தமிழில் வைத்துக்கொள்ளலாமா என்றால், வைத்துக்கொள்ளலாம். தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருகிறார்கள். ஆனால் எல்லா இடமும் நிரம்பவில்லை. பாதித் தமிழ், பாதி ஆங்கிலமாக வரும்போது, தொலைபேசியில் உதவி கேட்பது கடினமாகிவிடும். எதிர்முனையில் இருப்பவர் 'செட்டிங்ஸ்' என்பார், திரையில் வேறு சொல் இருக்கும். என் சித்திக்கு மெனுவை ஆங்கிலத்திலும் ஃபயர்பாக்ஸை மட்டும் தமிழிலும் வைத்துக் கொடுத்தேன்.

உங்கள் கணக்கு ஏடுகளுக்கு வருகிறேன். மின்ட்டோடு லிப்ரேஆபிஸ் வரும். அதில் கால்க் என்பது எக்செலுக்கு ஈடு. கூட்டல், சராசரி, மாணவர் வருகைப் பட்டியல், கட்டண நிலுவை, பிவட் அட்டவணை வரை எல்லாம் எக்செல் கோப்பாகவே திறந்து, எக்செல் கோப்பாகவே சேமிக்கலாம். சிக்கல் மேக்ரோவில், அதாவது கோப்புக்குள் எழுதி வைத்த தானியங்கிக் கட்டளைகளில் வரும். பொத்தானை அழுத்தினால் பற்றுச்சீட்டு தயாராகும்படி யாராவது உங்களுக்கு மேக்ரோ எழுதிக் கொடுத்திருந்தால், அது இங்கே பாதியில் நின்றுவிடலாம். உலாவியில் கிடைக்கும் எக்செலிலும் அந்த வகை மேக்ரோ ஓடாது. அப்படி ஒரு கோப்பு உங்களிடம் இருந்தால், அந்த வேலைக்காக மட்டும் விண்டோஸ் ஒன்றை எங்காவது வைத்திருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லிப்ரேஆபிஸை விண்டோஸிலேயே இலவசமாக நிறுவலாம். இப்போதே நிறுவி, உங்கள் கோப்புகளை அதில் ஒரு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். இயங்குதளத்தைத் தொடாமலேயே உங்கள் பதில் தெரிந்துவிடும்.

பயிற்சித்தாள்கள் தமிழில் தயாரிக்கிறீர்கள் என்றால் இதையும் கவனியுங்கள். லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் மைக்ரோசாஃப்ட்டுடையவை, லினக்ஸில் வராது. அதற்குப் பதில் நோட்டோ அல்லது லோகித் எழுத்துருவில் திறக்கும்போது எழுத்தின் அகலம் மாறி, ஒரு பக்கத் தாள் ஒன்றேகால் பக்கமாக வழியும். ஆங்கிலத்துக்குக் கலிப்ரியின் அதே அளவுகளில் கார்லிட்டோ என்ற திறந்த எழுத்துரு இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. தமிழுக்கு அப்படி அளவு பொருந்தும் மாற்றை நான் பயன்படுத்தியதில்லை. தாள்களை நோட்டோ எழுத்துருவிலேயே முதலிலிருந்து தயாரித்தால் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றுபோல் நிற்கும். பெற்றோருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

பிரிண்டர் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சித்தியிடம் ஒரு விலை மலிவான லேசர் பிரிண்டர் இருந்தது. அதைத் தயாரித்த நிறுவனம் அந்த மாதிரிக்கு லினக்ஸ் இயக்கியை, அதாவது பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருளை, வெளியிடவே இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போராடினேன். கடைசியில் வேறு ஒன்று வாங்கினோம், பெட்டியில் 'ஏர்பிரிண்ட்' (ஆப்பிள் கருவிகளிலிருந்து கம்பியில்லாமல் அச்சிடும் முறை) என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். வீட்டு வைஃபையில் இணைத்ததும் மின்ட் தானாகவே அதைக் கண்டுபிடித்தது. லினக்ஸில் அச்சிடுவதைக் கவனிப்பது கப்ஸ் என்ற அமைப்பு, ஆப்பிள் மேக்கிலும் அதே கப்ஸ்தான். ஆகவே ஐபோனிலிருந்து நேரடியாக அச்சிட முடிகிற பிரிண்டர் என்றால் அநேகமாக லினக்ஸிலும் இயங்கும். உங்கள் வீட்டுப் பிரிண்டரை இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஸ்கேனரையும் மறக்காமல் பாருங்கள்.

இன்னொரு சம்பவமும் மனதில் இருக்கிறது. நண்பர் ஒருவர் பேட்டரி மாற்றுவதற்காக மடிக்கணினியை ஒரு கடையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது அதில் லினக்ஸ் இல்லை. 'சிஸ்டம் சரியில்லை' என்று, கேட்காமலேயே வட்டை அழித்து விண்டோஸ் போட்டுவிட்டார்கள். அவருடைய படங்களும் போயின. இந்த ஊரில் லினக்ஸ் பயன்படுத்துவதில் உள்ள உண்மையான கடினம் இப்படித்தான் வருகிறது. வேலையில் லினக்ஸைத் தொடுபவர்கள் இங்கே நிறையப் பேர், ஆனால் தெருமுனைக் கடையில் அதைத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. பழுதுக்குக் கொடுக்கும் முன் வட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது 'லினக்ஸ், அழிக்க வேண்டாம்' என்று சீட்டு எழுதி ஒட்டுங்கள். நகலும் எடுத்து வையுங்கள்.

மகன் விஷயம் சுருக்கமானது. உயர்நிலை மாணவர்களின் கற்றல் கருவிகளில் கல்வி அமைச்சின் மேலாண்மைச் செயலி நிறுவப்பட்டிருக்கும், அதை நீக்கவோ மாற்றவோ கூடாது. அவனுடையது குரோம்புக் என்றால் ஒரு சுவையான விஷயம் உண்டு: அதன் அடியில் ஓடுவதே லினக்ஸின் மையப் பகுதியான கருனிதான், அப்பாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அதேதான். 1991-இல் ஃபின்லாந்தில் ஒரு மாணவர், லைனஸ் டோர்வால்ட்ஸ், தொடங்கிய வேலை அது. வீட்டுக் கணினியில் லினக்ஸ் வந்தால் பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பழக அவனுக்கு நல்ல இடம் கிடைக்கும். விளையாட்டுக்கு என்றால் எதிர்பார்ப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் உள்ள விளையாட்டுகள் பல, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் 'புரோட்டான்' வழியாக ஓடுகின்றன, ஆனால் வாலொரண்ட், ஃபோர்ட்நைட் போன்றவை ஏமாற்றுத் தடுப்பு முறையின் காரணமாக ஓடாது. அதுவும் இந்தப் பழைய இயந்திரத்தில் எதுவும் பெரிதாக ஓடாது.

பாதுகாப்பு என்றால், விண்டோஸுக்காக எழுதப்பட்ட கெட்ட மென்பொருளைத் தவறுதலாக இறக்கி அழுத்தினாலும் லினக்ஸில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஆனால் இங்கே முதியவர்களைக் குறிவைக்கும் மோசடிகள் பெரும்பாலும் போலி இணைப்பும் தொலைபேசிப் பேச்சுமாக வருகின்றன. போலி வங்கிப் பக்கத்தில் அப்பா கடவுச்சொல்லை எழுதிவிட்டால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. லினக்ஸ் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

எப்படித் தொடங்குவது? எதையும் அழிக்காமல் பார்க்கலாம். 8 ஜிபி யுஎஸ்பி ஒன்றில், மின்ட்டின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை 'ருஃபஸ்' அல்லது 'எட்சர்' என்ற இலவச மென்பொருள் கொண்டு எழுதுங்கள். கணினியை அணைத்து, யுஎஸ்பியைச் செருகி, தொடங்கும்போது எஃப்12 அல்லது உங்கள் மாதிரிக்கு உரிய விசையை அழுத்தி அதிலிருந்து தொடங்குங்கள். லினக்ஸ் முழுதாக யுஎஸ்பியிலிருந்தே ஓடும். அப்போது வேகத்தைப் பார்க்காதீர்கள், யுஎஸ்பியில் மெதுவாகத்தான் இருக்கும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கைரேகை உணரிகள் சில இயங்காது. வைஃபை பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

எல்லாம் சரி என்றால், புதிய எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவி, பழைய வட்டை அப்படியே கழற்றி அலமாரியில் வைப்பதுதான் நான் சொல்லும் வழி. மனம் மாறினால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். ஒரே வட்டில் இரண்டையும் வைக்க விரும்பினால், அதற்கு முன் விண்டோஸில் வட்டு மறையாக்கம் (வட்டிலுள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பக்கம் பூட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இன்னொன்று, இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தினால் விண்டோஸில் கடிகாரம் சரியாக 8 மணி நேரம் பின்னால் போய் நிற்கும். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே சிங்கப்பூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. கணினி பழுது என்று நினைத்துவிடாதீர்கள், லினக்ஸ் பக்கம் ஒரே ஒரு கட்டளையில் சரியாகிவிடும், கேட்டால் அனுப்புகிறேன்.

அப்பாவுக்குக் கொடுக்கும் நாளில் திரையில் நான்கு படங்கள் மட்டும் இருக்கட்டும்: உலாவி, எழுதும் மென்பொருள், அவருடைய கட்டுரை அடைவு, நீங்கள் தூரத்திலிருந்து திரையைப் பார்த்து உதவ ஒரு தொலைநிலை மென்பொருள். அதை உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் திறக்கக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள். முதல் மாதம் அவர் அழைக்கும்போது நீங்களோ மகனோ எடுக்க முடியுமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். முடியாது என்றால், விண்டோஸ் நீட்டிப்பில் பதிந்துகொண்டு, அந்தக் காலம் முடிவதற்குள் உங்களுக்குச் சௌகரியமான பள்ளி விடுமுறையில் தொடங்குங்கள்.

பழைய தமிழ்க் கோப்புகள் கிடைத்தால், அவை எந்த எழுத்துருவில் எழுதப்பட்டவை என்ற பெயரை மட்டும் குறித்து எனக்கு அனுப்புங்கள். எந்தக் குறியீடு, எதைக் கொண்டு மாற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.